கரண்டி வைத்து விரித்த காகிதம்

நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். தமிழ் எழுதுவேன். குர்ஆன் ஓதுவேன், அர்த்தம் கேட்டால் சொல்லத் தெரியாது. எழுதி வைக்கிற பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது. ஒன்றைப் பார்த்தேன். அது மறந்துகொண்டு வருகிறது. அதனால் எழுதுகிறேன்.

மதாம் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. என் வீட்டுக்காரர் வேலை பார்த்த மில்லை மூடிவிட்டார்கள். முத்தியால்பேட்டையிலிருந்து நடந்தே போவேன். கடற்கரைக்குப் பக்கத்துத் தெரு. முன்கட்டு காபி கடை ஆகிவிட்டது. வெளியூர்ப் பிள்ளைகள் வந்து மஞ்சள் சுவரில் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். பின்கட்டில் மதாம் தனியாக இருந்தார். அங்கே ஒரு ஆள் இருப்பது காபி குடிக்கிறவர்களுக்குத் தெரியாது.

மதாம் என்றால் வெள்ளைக்காரி இல்லை. அம்மா நெல்லித்தோப்புக் கிறிஸ்தவப் பெண். அப்பா போலந்து தேசத்து யூதர். பெரிய சண்டை வருவதற்கு முன்னாலேயே கப்பலில் வந்து இங்கே மெக்கானிக் வேலை பார்த்தவர். அங்கேயே இருந்துவிட்ட அவருடைய ஆட்களை, யூதர்கள் என்பதற்காகவே கொண்டுபோய்க் கொன்றுவிட்டார்கள். ஒருத்தரும் மிச்சமில்லை. நான் சேர்ந்து ரொம்ப நாள் கழித்துத்தான் இதைச் சொன்னார். கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார். குரல் மாறவில்லை.

அதற்கு முன்னாலேயே ஒரு நாள் துணி துவைக்கும்போது அலமாரியில் ஒரு அழுக்குத் துணி கிடைத்தது. கை அகலம் வெள்ளைப் பட்டை. நீல நூலில் நட்சத்திரம் தைத்திருந்தது. சோப்புத் தண்ணீரில் போடப் போனேன். மதாம் எங்கிருந்து பார்த்தாரோ, வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“அதைத் துவைக்காத.”

“கறையா இருக்கு மதாம்.”

“கறை இருக்கட்டும். எங்க அத்தை கையில கட்டியிருந்தது. யூதச்சின்னு பாக்கறவனுக்குத் தெரியணும்னு கட்டச் சொன்னாங்க. கட்டலைன்னா சுட்டுடுவாங்க.”

“கட்டினா?”

“கட்டினாலும்தான்.”

அன்றைக்குத்தான் டின்னைக் காட்டினார். பெரிய பிஸ்கட் டின். அந்தத் துணியின் இடம் அதுதான். காற்றாட வெளியே எடுத்தவர் அலமாரியில் மறந்து வைத்திருக்கிறார். டின்னுக்குள் ஒரு ஸ்பூன் இருந்தது. அப்புறம் ஒரு கட்டுக் காகிதம்.

அத்தை என்பது மதாமுடைய அப்பாவின் தங்கை. ஒரு குடியானவப் பெண்ணுடைய வீட்டு நிலவறையில் ஒளிந்திருந்தாராம். அங்கே பென்சிலால் எழுதியது அந்தக் காகிதம். எழுதி, சுருட்டி, கண்ணாடி ஜாடியில் போட்டு, வாய்க்கு மெழுகு ஊற்றி ஆப்பிள் மரத்தடியில் புதைத்திருக்கிறார். அப்புறம் அவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். சண்டை முடிந்ததும் அந்தக் குடியானவப் பெண் ஜாடியைத் தோண்டி எடுத்தாள். மேல் தாளில் புதுச்சேரி விலாசம் இருந்தது. துணியையும் ஸ்பூனையும் சேர்த்துக் கட்டித் தபாலில் அனுப்பிவிட்டாள்.

அப்பா ஒரு தடவை படித்தாராம். படித்துவிட்டு டின்னில் போட்டு மூடினவர்தான். என்ன எழுதியிருக்கிறது என்று பெண்டாட்டிக்கும் சொல்லவில்லை, பெண்ணுக்கும் சொல்லவில்லை. வளர்ந்ததும் சொல்கிறேன் என்றாராம். மதாம் வளர்ந்தார். அப்பா சொல்லாமலே செத்துப்போனார். மதாமுக்கு அந்த யூத எழுத்து படிக்கத் தெரியாது.

“பிரெஞ்சு தெரியும். தமிழ் தெரியும். இது மட்டும் தெரியாது. பப்பா கத்துக்குடுக்கலை. இது தெரிஞ்சதனாலதான் அவங்களைக் கொன்னாங்கன்னு நெனைச்சிட்டாரோ என்னமோ.”

மதாமுக்கு ஆசை என்று ஒன்று இருந்தது என்றால் அது அதுதான். சாவதற்குள் அந்தக் காகிதத்தை யாராவது எதிரில் உட்கார்ந்து படித்து, அத்தை என்ன சொன்னாள் என்று சொல்ல வேண்டும்.

ஒரு காலத்தில் வெளிதேசத்து ஆள் ஒருத்தர், படித்துச் சொல்கிறேன் என்று மேலே இருந்த தாள்களில் சிலதை வாங்கிப் போனார். திரும்பி வரவேயில்லை. அதற்குப் பிறகு மதாம் யாரிடமும் காகிதத்தைக் கொடுக்கவில்லை. போனில் படம் எடுக்கவும் விடமாட்டார். “படத்தை வாங்கிட்டா அப்புறம் எவன் வரப்போறான்? படிக்கறவங்க இங்க வரட்டும்” என்பார்.

கடல்காற்று எல்லாவற்றையும் தின்னும். கதவுக் கீலே துருப்பிடித்து உதிரும் ஊர். காகிதத்துக்கு வெள்ளிப்பூச்சி வரும், கரையான் வரும், பூசணம் பிடிக்கும். டின்னில் வசம்பும் பாச்சா உருண்டையும் போட்டு வைப்போம். மாதம் ஒரு தரம் நிழலில் காற்றாட வைப்போம். வெயில் கூடாது. கையை நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் தொட வேண்டும். அந்தத் தாள்களில் ஒரு குணம். எத்தனை வருஷம் ஆனாலும், விரித்துவிட்டுக் கையை எடுத்தால் திரும்பச் சுருண்டுகொள்ளும். இன்னும் ஜாடிக்குள் இருக்கிற மாதிரி.

போன வருஷம் மதாமுக்கு முட்டி சுத்தமாகப் போய்விட்டது. அவரே பிரெஞ்சு தேசத்தில் இருக்கிற ஒரு மியூசியத்துக்குக் கடிதம் எழுதினார். முதலில் படம் அனுப்பச் சொன்னார்கள். முடியாது, வந்து படிக்கட்டும் என்றார். மழைக்காலம் முடிந்ததும் ஒரு பெண் வருவாள் என்று பதில் வந்தது. மதாம் சந்தோஷப்பட்டார் என்று சொல்ல முடியாது. ஆனால் அன்றைக்கு ரெண்டு இட்லி கூடச் சாப்பிட்டார்.

மழைக்காலம் முடியவில்லை. புயல் வந்தது.

காலையில் போனபோது தெருவில் மரம் விழுந்து கிடந்தது. காபி கடையின் பலகை காணோம். மதாம் தரையில் கிடந்தார். கூரை ஒழுகி அலமாரி மேலே கொட்டியிருக்கிறது. டின்னை எடுக்கப் போனவர் தண்ணீரில் வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பு போய்விட்டது. டின்னை மார்போடு பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். மூடி துருப்பிடித்து ஓட்டையாக இருந்தது. உள்ளே தண்ணீர்.

“எடுத்துட்டுப் போ. காய வெய். யார்கிட்டயும் குடுக்காத.”

இதைச் சொன்ன பிறகுதான் வலிக்கிறது என்று சொன்னார்.

அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். எங்கள் வீட்டில் ஒழுகாத அறை ஒன்றுதான். பழைய புடவையைத் தரையில் விரித்து ஒவ்வொரு தாளாகப் பரப்பினேன். நனைந்தும் சுருண்டுகொண்டுதான் இருந்தது. என்ன செய்ய, கையில் கிடைத்ததை மேலே வைத்தேன். கரண்டி, ஸ்பூன், டம்ளர், அரிசி அளக்கிற படி. வைத்துக்கொண்டே வந்ததில்தான் அத்தனை தாளையும் வரிசையாகப் பார்த்தேன். மாதம் ஒரு தரம் தொட்டதுண்டு. ஆனால் மதாம் எதிரில் உட்கார்ந்திருப்பார், ஒவ்வொன்றாக எடுத்து மூடிவிடுவோம். மொத்தமாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

என் வீட்டுக்காரர் அப்போது வீட்டில் இல்லை. பள்ளிவாசலில் தண்ணீர் புகுந்து இறைத்துக்கொண்டிருந்தார். ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. மதாமுக்குக் கூட இருக்க ஆள் கிடையாது. நான் கிளம்பிவிட்டேன்.

என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மில்லு மூடியதிலிருந்து பள்ளிவாசலில் ஊழியம் பார்க்கிறார். கூட்டுவது, பாய் விரிப்பது. இன்னொரு வேலையும் உண்டு. கிழிந்துபோன குர்ஆன் ஏட்டை எங்கள் ஜனங்கள் குப்பையில் போட மாட்டார்கள். வீடு வீடாக அதை வாங்கி, வெள்ளைத் துணியில் சுற்றி, கபுருஸ்தானில் மனுஷர் கால் படாத மூலையில் குழி எடுத்து அடக்கம் செய்வார். செத்த மனுஷர் மையத்தை அடக்குகிற மாதிரியே, பேசாமல் செய்வார். அந்த வேலையில் அவருக்கு ஒரு திருப்தி.

நான் ரெண்டு மூன்று நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்தேன். அறை பெருக்கிச் சுத்தமாக இருந்தது. கரண்டி எல்லாம் கழுவி ஆணியில் தொங்கியது. அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“இங்க விரிச்சிருந்த காகிதம் எங்க?”

“சேத்துட்டேன்.”

“எங்க?”

“எங்க சேப்பாங்க? கபுருஸ்தான்லதான்.”

அவர் பேசிக்கொண்டே போனார்.

“புத்தி இருக்கா உனக்கு? எழுத்து மேல கரண்டிய வெச்சிருக்க. நடக்கற எடத்துல. நம்ம எழுத்து இல்லையேன்னு பள்ளிவாசல் அஜ்ரத்துகிட்ட ஒரு தாளை எடுத்துட்டுப் போய்க் காட்டினேன். அவரு மிச்சமிருந்த சார்ஜுல போன்ல பாத்துட்டு, இது யூதருங்க வேத எழுத்து, மூஸா நபிக்கு எறங்கின தவ்ராத்து இந்த எழுத்துலதான் இருக்கும், அல்லா பேரு இருந்தாலும் இருக்கும், கால்ல படாமப் பாத்துக்கன்னாரு. புதுத் துணியா வாங்கி, கை கால் கழுவி ஒளு செஞ்சிட்டுப் போய் அடக்கம் பண்ணேன். இன்னாத்துக்கு மொறைக்கற?”

சொன்னேன். நிலவறையையும் ஜாடியையும், டின்னைப் பிடித்துக்கொண்டு மதாம் தரையில் கிடந்ததையும். வெளிதேசத்திலிருந்து ஒரு பெண் வரப்போவதையும்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். குடையை எடுத்துக்கொண்டு போனார். தொப்பலாக நனைந்து திரும்பினார்.

“முட்டி அளவு தண்ணி நிக்குது” என்றார். அவ்வளவுதான்.

தண்ணீர் வடியவே இல்லை. வடிகிற மாதிரி இருக்கும், திரும்ப மழை பிடிக்கும். ஆஸ்பத்திரியில் மதாம் தினமும் கேட்பார்.

“காஞ்சுதா?”

“காயுது மதாம்.”

“மழைக்காலம். மெதுவாத்தான் காயும்” என்று அவரே எனக்குச் சமாதானம் சொல்வார்.

தண்ணீர் வடிந்த பிறகு தோண்டுவதற்கு ஜமாத்தில் கேட்க வேண்டியிருந்தது. அடியில் பழைய குர்ஆன் ஏடுகள் இருக்கிற இடம். டிவி செய்தி பார்க்கிற ஒருத்தர், “யூதன் காகிதத்துக்கு நம்ம கபுருஸ்தான்ல இன்னா வேலை?” என்று ஆரம்பித்தார். பெரியவர் ஒருத்தர், “காகிதம் இன்னாய்யா பண்ணுச்சு உன்னை? அதுவும் துணி சுத்தி அடக்கம் ஆனதுதான்” என்றார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்து, “மேலாக்க இருக்கறதப் பாரு. அதுக்குக் கீழ கைய வெக்காத” என்றார்.

பெண்கள் உள்ளே போவதில்லை. நான் கேட்டுக்கு வெளியே நின்றேன். அவர் மண்வெட்டி எடுத்துக்கொண்டு போனார். பாதியில் அதை வைத்துவிட்டுக் கையால் அள்ளுவது தெரிந்தது. ரொம்ப நேரம் அள்ளினார்.

துணி கிழியவில்லை, முடிச்சுதான் அவிழ்ந்திருந்தது. உள்ளே காகிதம் கூழாக இருந்தது. குழி சரிந்து பழைய ஏடுகளும் அதில் கலந்துவிட்டன. எது அத்தை எழுதியது, எது குர்ஆன் என்று பிரிக்க முடியாது. ஒரு மூலையில் கொஞ்சம் மட்டும் தாள் தாளாக, கட்டியாக நின்றது. அதை என் எவர்சில்வர் டிபன் டப்பாவில் வைத்துக் கொண்டுவந்தார். நகக்கண் எல்லாம் சேறு. அன்றைக்குச் சோறு வேண்டாம் என்றார்.

இனி காயுது என்று சொல்ல முடியாது. மதாமிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

“எந்தத் துணி?”

“புது மல்லுத் துணி, மதாம். வெள்ளை.”

“எங்க ஆளுங்களும் அப்படித்தானாம். பழசாப்போன வேத ஏட்டக் குப்பையில போட மாட்டாங்க. பொதைப்பாங்க. பப்பா சொல்லியிருக்கார்.”

எனக்கு ஒரு மூச்சு வந்தது. அதற்குள் அவர் திரும்பப் பேசினார்.

“அத்தையும் பொதைச்சா. யாராவது எடுக்கணும்னு பொதைச்சா. உன் வீட்டுக்காரர் யாரும் எடுக்கக் கூடாதுன்னு பொதைச்சிருக்கார்.”

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கஞ்சி கொண்டுபோயிருந்தேன். ஆறிப்போனது. திருப்பி எடுத்துக்கொண்டு வந்தேன்.

வெயில் வந்த பிறகு அந்த மியூசியத்துப் பெண் வந்தாள். வர வேண்டாம் என்று மதாம் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று நான் கேட்கவில்லை. மதாம் பின்கட்டில் கட்டிலோடு கிடந்தார். அந்தப் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். வேர்த்துக் கொட்டியது. கைக்குட்டையால் துடைத்துத் துடைத்து முகம் சிவந்துபோயிருந்தது. என் வீட்டுக்காரரும் வந்தார். உள்ளே வா என்றால் வரவில்லை. வெராந்தாவில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

அவர்கள் பிரெஞ்சில் பேசினார்கள். நடுநடுவே மதாம் எனக்குத் தமிழில் சொன்னார். நான் டிபன் டப்பாவைத் திறந்து வைத்தேன். அந்தப் பெண் பையிலிருந்து மெல்லிய இடுக்கியும் சின்ன பிரஷ்ஷும் எடுத்தாள். கட்டியை ஓரத்திலிருந்து பிரித்துப் பார்த்தாள். உதிர்ந்தது. திரும்பப் பிரித்தாள். திரும்ப உதிர்ந்தது. அப்புறம் நிறுத்தி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். கட்டில் பக்கம் கொண்டுபோய் மதாமுக்குக் காட்டினாள். நானும் பார்த்தேன். கடுகளவு. பென்சில் கறுப்பு.

மதாம் ஏதோ கேட்டார். அவள் மெதுவாகப் பதில் சொன்னாள்.

“ஒத்த எழுத்தாம்” என்றார் மதாம் என்னிடம். “தனியா அதுக்கு அர்த்தம் கெடையாதாம்.”

அந்தப் பெண் இன்னும் கொஞ்சம் பேசினாள். மதாம் அதை உடனே சொல்லவில்லை. பிறகு சொன்னார்.

“பென்சில் தண்ணியில அழியாதாம். நீ விரிச்சிருந்த மாதிரியே விட்டிருந்தா காஞ்சிருக்குமாம். படிச்சிருக்கலாமாம்.”

தமிழில் சொன்னார். வெராந்தாவுக்குக் கேட்கும். எட்டிப் பார்த்தேன். செருப்பையும் காணோம், அவரையும் காணோம்.

டின்னிலேயே இருந்ததால் தப்பிய நட்சத்திரத் துணியையும் ஸ்பூனையும் மதாம் கொடுத்துவிட்டார். அந்தப் பெண் கையுறை போட்டுக்கொண்டு வாங்கி, வெள்ளைக் காகிதத்தில் சுற்றினாள். காகிதம் இருந்திருந்தால் இதெல்லாம் யாருடையது, எந்த வீட்டில் இருந்தது என்று தெரிந்திருக்கும், இனி மதாம் சொன்னார் என்றுதான் எழுத முடியும் என்றாளாம். டப்பாவில் இருந்ததை அவள் எடுத்துக்கொள்ளவில்லை. அதில் எங்கள் ஏடும் கலந்திருக்கிறது. என் வீட்டுக்காரர் பிறகு அதைக் கொண்டுபோய் அதே மூலையில் சேர்த்துவிட்டார்.

அவர் இப்போதும் அந்த ஊழியம் பார்க்கிறார். ஆனால் யார் ஏடு கொண்டுவந்தாலும், “யாருது? நல்லாக் கேட்டுட்டீங்களா?” என்று ரெண்டு மூன்று தரம் கேட்கிறார். ஒரு ஆள், “பாய், இது அச்சடிச்ச குர்ஆன். உங்க சம்சாரம் காய வெச்சது இல்ல” என்று சிரித்தானாம். இவர் சிரிக்கவில்லை. வீட்டில் வந்து சொன்னார். நானும் சிரிக்கவில்லை.

மதாம் அதற்கப்புறம் எங்கேயும் கடிதம் எழுதவில்லை. சாயங்காலம் தலை வாரிவிடும்போது மட்டும் கேட்பார்.

“நீ மொத்தமா விரிச்சிப் பாத்தியே. எப்படி இருந்துச்சு?”

“மொத தாள்லாம் நெருக்கமா, மதாம். எறும்பு ஊர்ற மாதிரி. ஓரம்கூட விடலை.”

“காகிதம் கெடைச்சிருக்காது. அப்புறம்?”

“போகப் போகப் பெருசாயிடுச்சு. கோணலா. வரி மேல வரி ஏறிக்கிட்டு.”

“இருட்டுல எழுதியிருப்பா. கடைசி?”

“பாதி வரி. அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல. வெத்துத் தாள்.”

“முடிச்சிட்டாளா, நிறுத்திட்டாளா?”

“தெரியல மதாம்.”

தினமும் இதே கேள்வி. தினமும் இதே பதில். சில நாள் கடைசியில் “படிச்சவ ஒருத்தி பாத்திருக்கணும்” என்பார். என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. உண்மை அதுதான். நானும் ஆமாம் என்பேன்.

வெயில் காலத்தில் மதாம் போய்விட்டார். அம்மாவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். பத்துப் பேர்கூட வரவில்லை. அத்தை என்ன எழுதினாள் என்று தெரியாமலே போனார். பின்கட்டையும் காபி கடைக்காரர்களே எடுத்துக்கொண்டார்கள். மியூசியத்திலிருந்து ஒரு தகவலும் இல்லை. வந்தாலும் எந்த விலாசத்துக்கு வரும்? காலி டின் என்னிடம் இருக்கிறது. மூடி ஓட்டை. எதுவும் வைக்க முடியாது.

இப்போது தலை வாரிவிட ஆள் இல்லை, கேட்கவும் ஆள் இல்லை. தினமும் சொன்னதால்தான் எனக்கு நினைவு நின்றது போல. ஒரு நாள் வீட்டுக்காரரைக் கேட்டேன், கடைசித் தாளில் எத்தனை வரி இருந்தது என்று. “எழுத்து இருக்குன்னு பாத்தேன். எவ்ளோன்னு பாக்கல” என்றார். அப்புறம் பேச்சை எடுக்கவில்லை.

பாதி வரி என்றுதான் மதாமிடம் சொன்னேன். கடைசிவரை அதையே சொன்னேன். ஆனால் அந்தத் தாள்தான் எல்லாவற்றையும்விட அதிகமாகச் சுருண்டது. அதனால் அதன்மேல் கனமாக இருக்கட்டும் என்று சாம்பார் ஊற்றுகிற குழிக்கரண்டியை வைத்தேன். கரண்டி வைத்தது நன்றாக நினைவிருக்கிறது. அது அடைத்துக்கொண்ட இடத்தில் எழுத்து இருந்ததா என்று, வைப்பதற்கு முன்னால் பார்த்தேனா என்று தெரியவில்லை.